தோஷி

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் முதலில் கேட்டது தன் சைக்கிளைப் பற்றித்தான். எதற்காகப் பிடித்து வந்தார்கள், எப்போது விடுவார்கள் என்பதெல்லாம் பிறகு. "சைக்கிள் ரோட்டுல கிடக்கு ஆபா. முதலாளியோடது" என்றார், உடைந்த ஆங்கிலத்தில். வங்காளதேசத்தில் பெண் ஒருத்தியை மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. அக்கா என்று அர்த்தம்.

2014 ஜனவரி 11, சனிக்கிழமை. இரவு பத்து மணி தாண்டியிருந்தது. நியூயார்க் நகரத்தின் ஐந்து வட்டாரங்களில் ஒன்றில் இருக்கும் கிரிமினல் கோர்ட். எந்த வட்டாரம் என்று சொல்லப் போவதில்லை. அவர் பெயரும் வேண்டாம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அங்கே விதி. 1991-ல் மாநிலத்தின் மேல்நீதிமன்றம் அதைத் தீர்ப்பாகவே எழுதி வைத்தது. ஆகவே சனி ஞாயிறு, ராத்திரி என்று பார்க்காமல் கோர்ட் ஓடும். இரவு ஒரு மணிக்குத்தான் நீதிபதி எழுந்திருப்பார்.

நான் மதுரையில் நான்கு வருடம் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தவள். பிறகு நியூயார்க் போய்ப் படித்து, அங்கே பார் தேர்வு எழுதி, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு வாதாடும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்து அப்போது ஐந்தாவது வருடம். அன்றைக்கு என் கையில் பதினொரு கேஸ் கட்டு. ஒவ்வொருவருக்கும் பேசக் கிடைப்பது பத்து நிமிடம்.

கோர்ட் காவலர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரங்கதானே, உங்க பாஷையில பேசிக்கலாமே" என்றார். அவர் சில்ஹெட், நான் உசிலம்பட்டி. அதை விளக்க நேரமில்லை. வங்காள மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அரை மணி நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார், மப்ளரைக்கூடக் கழற்றாமல்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை இரவு, ரயில் நிலையப் படிக்கட்டருகே ஒருவரிடமிருந்து இரண்டு இளைஞர்கள் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஒருவன் அவரைத் தள்ளியும் விட்டிருக்கிறான். இருபது நிமிடம் கழித்து, ஆறு தெரு தள்ளி, சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த என் கட்சிக்காரரைப் போலீஸ் மறித்தது. கறுப்பு ஜாக்கெட். தேடியதும் கறுப்பு ஜாக்கெட்தான். அந்த வாரம் நியூயார்க்கில் எலும்பை உறைய வைத்த குளிர். கறுப்பு ஜாக்கெட் போடாத ஆளைத் தேடுவதுதான் கஷ்டம். இரண்டு கைகளையும் பிடித்து இழுத்ததில் சைக்கிள் சாய்ந்தது. கையில் விலங்கு மாட்டி, டார்ச் அடித்து நிறுத்தி வைத்தார்கள். எதிர்ப்பக்கம் ரோந்துக் காருக்குள் இருந்தபடியே, போனைப் பறிகொடுத்தவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் அடையாள அணிவகுப்பு. போன் இவரிடம் இல்லை. இன்னொருவன் அகப்படவே இல்லை.

பொய் சொன்னார் என்று அந்த மனிதரை நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இருட்டில் தள்ளப்பட்டு விழுந்த ஒருவரிடம், போலீஸ் பிடித்து வைத்திருக்கும் ஆளைக் காட்டி "இவனா?" என்று கேட்டால், ஆமாம் என்றுதான் வாய் வரும். பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்ற இரண்டு வக்கீல்கள் 1992-ல் நியூயார்க்கில் தொடங்கிய இன்னொசன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு, டி.என்.ஏ. பரிசோதனையால் குற்றமற்றவர்கள் என்று தெரியவந்து விடுதலையானவர்களின் வழக்குகளைக் கணக்கெடுத்திருக்கிறது. அவற்றில் பத்துக்கு ஏறக்குறைய ஏழில், நேரில் கண்ட சாட்சி தவறாக அடையாளம் காட்டியிருந்தார்.

குற்றச்சாட்டு ஒரே ஒரு பக்கம். இரண்டாம் நிலைக் கொள்ளை. கூட்டாளியோடு சேர்ந்து பலவந்தமாகப் பறித்தால் அந்தப் பிரிவு. முதல் குற்றமாக இருந்தாலும் குறைந்தது மூன்றரை வருடம், அதிகபட்சம் 15 வருடம். இதைப் பெரியவர் வங்காளத்தில் சொன்னபோது, என் கட்சிக்காரர் தன் காதில் விழுந்தது சரிதானா என்பதுபோல் என்னையே பார்த்தார். "ஒரு போனுக்கா?"

பிறகு கேட்டார்: "என்கிட்ட பணம் இல்லையே ஆபா. உங்களுக்கு எவ்வளவு?"

ஒன்றும் தர வேண்டாம் என்றேன். அவருக்கு அது நம்பும்படியாக இல்லை. வங்காளத்திலும் சரி, மதுரையிலும் சரி, பணம் வாங்காத வக்கீலை யார் நம்புவார்கள்? அந்தப் பத்து நிமிடத்தில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியனின் கதையைச் சொல்ல நேரமில்லை. 1961-ல் ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துப் புகுந்ததாக அவர் மேல் வழக்கு. வக்கீல் வைக்கக் காசில்லை, கோர்ட்டே ஒருவரைத் தர வேண்டும் என்று கேட்டார். நீதிபதி மறுத்துவிட்டார். தானே வாதாடி ஐந்து வருடத் தண்டனை வாங்கிய அந்த மனிதர், சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். 1963-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். மறுவிசாரணையில் வக்கீலோடு வந்த கிடியன் விடுதலையானார். நான் அந்தக் கம்பிவலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததற்கு அந்தப் பென்சில் மனுதான் காரணம். என் மேஜைக்கு எதிரே இன்றைக்கும் அதன் நகல் தொங்குகிறது.

அமெரிக்க நீதிமுறை என்று ஒருமையில் பேசுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் 50 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனிக் கோர்ட். மத்திய அரசுக்கு வேறொன்று. பெயர்கள்கூடப் பொருந்தாது. நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்றால் பெரிய குற்றங்களை விசாரிக்கும் முதல் நிலை நீதிமன்றம்தான். அரசுத் தரப்பை நடத்தும் மாவட்ட வழக்கறிஞர், ஓட்டு வாங்கிப் பதவிக்கு வருகிறவர். நகரத்தின் ஐந்து வட்டாரங்களுக்கும் ஐந்து பேர். அவருக்குக் கீழே இருக்கும் இளம் வக்கீல்கள்தான் தினமும் கோர்ட்டில் நிற்பார்கள். எதைக் குற்றமாகப் பதிவது, எந்தப் பிரிவில் பதிவது, எதற்குக் குறைத்துக்கொள்வது என்பதெல்லாம் அவர்கள் கையில். நம் ஊரில் குற்றப்பத்திரிகை போலீஸ் கையிலிருந்து வரும். அங்கே அரசு வக்கீல் கையிலிருந்து வரும். வழக்கு என்ன ஆகும் என்பதில் நீதிபதிக்கு இருப்பதைவிட அவருக்குத்தான் செல்வாக்கு அதிகம் என்பதை நான் புரிந்துகொள்ளவே இரண்டு வருடம் பிடித்தது.

முதல் ஆஜர் நான்கு நிமிடத்தில் முடிந்தது. குற்றமற்றவர் என்று பதிவு செய்யச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அவர் காதருகே குனிந்து, "நிர்தோஷ்" என்றார்.

எனக்குச் சிலிர்த்தது. தோஷம், தோஷி, நிர்தோஷி. ஆறு மணி நேரமாக ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்த தலைக்குள் திடீரென்று பாட்டி வீட்டுச் சொல் ஒன்று வந்து விழுந்தது. அந்தக் கோர்ட்டில் 'நாட் கில்ட்டி' என்பது 'முடிந்தால் நிரூபி' என்று அரசைப் பார்த்துச் சொல்லும் ஒரு சடங்கு வாக்கியம். செய்தவரும் அதைத்தான் சொல்வார், செய்யாதவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் நிர்தோஷ் என்ற சொல் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து நின்றார். தலையை ஆட்டினார்.

ஜாமீனுக்கு அரசுத் தரப்பு 10,000 டாலர் கேட்டது. நியூயார்க் சட்டத்தில் ஜாமீன் என்பது மறுபடி கோர்ட்டுக்கு வருவாரா என்பதற்கு உத்தரவாதம் மட்டுமே. வேலை உண்டு, இருக்க இடம் உண்டு, முன் வழக்கு எதுவும் இல்லை என்று அடுக்கினேன். நீதிபதி 5,000 என்றார். அடுத்த கேஸ் கட்டை எடுத்தார்கள். 5,000 டாலரும் அவருக்கு ஒன்றுதான், ஐந்து லட்சமும் ஒன்றுதான். ஒரே அறையில் நான்கு பேராகத் தங்கியிருந்தவர்கள் ஓடியாடித் திரட்டியது 600. ஜாமீன் தரகர்கள் உண்டு. தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு ஈடு கேட்பார்கள், அந்தக் கட்டணம் திரும்பி வராது. ஈடு வைக்க அவர்களிடம் என்ன இருந்தது? அன்றிரவே அவர் ரைக்கர்ஸ் தீவுச் சிறைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றப்பட்டார்.

அடுத்த படி, கிராண்ட் ஜூரி. 16 முதல் 23 பேர் வரை பொதுமக்கள். மூடிய கதவுக்குள் அரசு வக்கீல் மட்டும் சாட்சிகளை நிறுத்துவார். நீதிபதி இருக்க மாட்டார், நாங்கள் வாதாட முடியாது. 12 பேர் சரியென்றால் வழக்கு மேலே போகும். உள்ளே இருப்பவர் விஷயத்தில் இதற்குக் கெடு உண்டு: ஐந்து நாள், நடுவில் வார விடுமுறை வந்தால் ஆறு. அதற்குள் முடிக்காவிட்டால் வெளியே விட வேண்டும். ஜனவரி 16, வியாழக்கிழமை, ஊரில் காணும் பொங்கல். காலையில் அம்மா போனில் கரும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கோர்ட் படியேறிக்கொண்டிருந்தேன்.

போனைப் பறிகொடுத்தவர் கிராண்ட் ஜூரிக்கு வரவில்லை. அரசு வக்கீல் எழுந்து கொள்ளைப் பிரிவைக் கைவிட்டு, வழக்கைச் சிறு திருட்டாகக் குறைத்தார். அதற்கு வேண்டிய, பறிகொடுத்தவரின் கையெழுத்து மட்டும் இருந்தது. ஜாமீனும் 1,500 ஆனது. கூடவே ஒரு பேரம்: திருட்டை ஒப்புக்கொண்டால், இதுவரை உள்ளே இருந்த நாட்களே தண்டனை. இன்றைக்கே வீடு.

மூன்றரை வருடத்திலிருந்து ஆறு நாளுக்கு. கோர்ட்டில் இருந்த யாரைக் கேட்டாலும் கையெழுத்துப் போடு என்றுதான் சொல்லியிருப்பார்கள். சினிமாவில் பார்க்கிற அமெரிக்கக் கோர்ட்டில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், வக்கீல்கள் நடந்து நடந்து பேசுவார்கள். நடப்பு வேறு. 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறித்தது: மத்திய கோர்ட்டுகளில் தண்டனை பெறுகிறவர்களில் நூற்றுக்கு 97 பேரும், மாநிலக் கோர்ட்டுகளில் 94 பேரும் விசாரணைக்கே போகாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். எல்லாம் தாழ்வாரத்தில், கம்பிக்கு வெளியே, தாழ்ந்த குரலில் முடிகிற பேரம்.

அந்தப் பேரத்துக்கு எல்லை எது என்று கேட்கிற இளம் வக்கீல்களுக்கு நான் கென்டக்கி வழக்கு ஒன்றைச் சொல்வேன். பால் ஹேய்ஸ் என்பவர் மேல் 88 டாலர் 30 சென்ட்டுக்குப் போலிக் காசோலை கொடுத்ததாக வழக்கு. ஒப்புக்கொண்டால் ஐந்து வருடம், மறுத்தால் பழைய குற்றங்களையும் சேர்த்து வழக்கமான குற்றவாளி என்ற பிரிவில் போடுவேன் என்றார் அரசு வக்கீல். ஹேய்ஸ் மறுத்தார். ஆயுள் தண்டனை கிடைத்தது. அது தவறில்லை என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த நான்கு பேர் பக்கம்தான் என் மனசு இன்றும் நிற்கிறது.

நான் உடனே பதில் சொல்லாமல் நேரம் கேட்டு, அலுவலகத்தில் குடியேற்றச் சட்டம் பார்க்கும் தோழிக்குப் போன் போட்டேன். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்பதைச் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்று 2010-ல் பாடில்லா வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது. தோழி கேட்டது இரண்டே கேள்வி. எப்போது வந்தார்? 2011 மார்ச், விசா குலுக்கலில் பெயர் விழுந்து, கிரீன் கார்டோடு. எந்தப் பிரிவு? சிறு திருட்டு, அதிகபட்சம் ஒரு வருடம்.

"வேண்டாம். உள்ளே வந்து அஞ்சு வருஷத்துக்குள்ள, ஒரு வருஷம் தண்டனை கிடைக்கக்கூடிய திருட்டு. நாடு கடத்த அது போதும். ஒரு நாள்கூட ஜெயில்ல போடலைன்னாலும் சரி."

கணக்கில் வருவது கொடுத்த தண்டனை இல்லை, கொடுத்திருக்கக்கூடிய தண்டனை. பிற்பாடு 2019-ல் நியூயார்க் தன் சட்டத்தில் அந்த ஒரு வருடத்தை 364 நாளாகக் குறைத்தது. ஒரே ஒரு நாள்! எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. அன்றைக்கு அந்த ஒரு நாள் எங்களிடம் இல்லை.

கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் அடைப்பில் நின்றபடி அவருக்கு இதை விளக்கினேன். இப்போதே வெளியே போகலாம்; ஆனால் என்றைக்காவது ஒரு நாள் கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போய் விமானம் ஏற்றிவிடலாம். அல்லது மறுத்துவிட்டு உள்ளேயே காத்திருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் முடித்தபின் அவர் நெடுநேரம் பேசவில்லை. சில்ஹெட்டில் நிலத்தை அடகு வைத்து டிக்கெட் எடுத்திருந்தார். தங்கை கல்யாணம் அவர் அனுப்பும் பணத்தை நம்பி நின்றது.

"நான் எடுக்கலை ஆபா" என்றார். "எடுக்கலைன்னு எங்க சொல்லணும், யார்கிட்ட சொல்லணும்?"

விசாரணையில், என்றேன். எப்போது என்று கேட்டார். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

வாய்தா என்ற சொல்லை நான் மதுரையிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தேன். நியூயார்க்கில் அதற்கு ஒரு கடிகாரம் உண்டு. இத்தனை நாளுக்குள் அரசுத் தரப்பு தயாராக வேண்டும், ஆகாவிட்டால் வெளியே விட வேண்டும், வழக்கே தள்ளுபடியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஒருமுறை 'தயார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். அதன்பின் ஒரு தேதியில் வந்து, இன்று தயாரில்லை, ஒரு வாரம் வேண்டும் என்பார்கள். கோர்ட்டில் இடமில்லாமல் மூன்று வாரம் கழித்துத் தேதி விழும். கணக்கில் ஏறுவது அந்த ஒரு வாரம் மட்டுமே. மிச்ச இரண்டு வாரம் யார் கணக்கு? உள்ளே இருப்பவர் கணக்கு.

காலிஃப் பிரவுடர் என்ற பையனின் கதையைப் பின்னாளில் உலகமே பேசியது. 2010-ல், 16 வயதில், ஒரு முதுகுப்பையைத் திருடியதாகப் பிடிபட்டான். ஜாமீன் 3,000 டாலர். கட்ட முடியவில்லை. ஒப்புக்கொள்ளச் சொல்லி வந்த ஒவ்வொரு பேரத்தையும் மறுத்துக்கொண்டே ஏறத்தாழ மூன்று வருடம் ரைக்கர்ஸில் இருந்தான். பெரும்பகுதி தனிமைச் சிறையில். விசாரணை நடக்கவே இல்லை. 2013-ல் வழக்கைக் கைவிட்டு அனுப்பினார்கள். 2015-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். நான் எடுக்கலை என்று கடைசி வரைக்கும் சொன்ன பையன். அவன் பெயரை எழுதும்போது எனக்குக் கை நிற்கும்.

போலீஸ் எழுதிய அறிக்கைகளை எங்களுக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அப்போது விசாரணை தொடங்கும் வரை இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வாதாடும் சட்டம் என்றே நாங்கள் அதைச் சொல்வோம். 2020 ஜனவரி 1 முதல் அது மாறியது. முன்கூட்டியே கொடுக்க வேண்டும். சிறு குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பண ஜாமீனும் அன்றோடு போனது. அந்தச் சட்டங்களைப் பிறகு பலமுறை திருத்தினார்கள், இன்னும் சண்டை ஓயவில்லை. என் கட்சிக்காரருக்கு அவை ஆறு வருடம் தாமதமாக வந்தன.

கையில் காகிதம் இல்லாததால் தெருவில் தேடினோம். எங்கள் அலுவலகத்தில் துப்பறிய ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அந்தத் தெருவில் எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். சம்பவம் நடந்த பத்தாம் நாள், சாப்பாடு கொடுத்த வீட்டுக்கு நான்கு கடை தள்ளி இருந்த துணி வெளுக்கும் கடையில் ஒரு கேமரா இருப்பதைக் கண்டுபிடித்தார். பதிவு பதினான்கு நாள்தான் நிற்கும், பிறகு தானாக அழிந்துவிடும். கடைக்காரம்மாவிடம் கெஞ்சி நகல் எடுத்துக்கொண்டு வந்தார்.

மொத்தம் 38 வினாடி. சாம்பல் நிறத் தெரு. ஓரத்தில் அள்ளிக் குவித்த பனி. இடமிருந்து ஒரு சைக்கிள் வருகிறது. பின்னால் பெரிய சதுரமான சாப்பாட்டுப் பை. ஓட்டுகிறவர் ஒரு காலை ஊன்றி நிற்கிறார், கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுகிறார், போனில் விலாசம் பார்க்கிறார், மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டு போகிறார். முகம் தெரியவில்லை. ஆனால் பல்லால் கையுறையைக் கழற்றும் அந்த விதம்! கோர்ட்டில் தண்ணீர் பாட்டில் மூடியையும் அவர் அப்படித்தான் திறந்தார், கைவிலங்கோடு.

படத்தின் மூலையில் ஓடிய கடிகாரம்தான் இடைஞ்சல். அதன்படி பார்த்தால் பறிப்பு நடந்து பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் சைக்கிளில் இங்கே வந்திருக்கலாமே என்று அரசுத் தரப்பு சொல்லும். எங்கள் டிரைவர் அண்ணன் அனுபவசாலி. கடையில் கேமராவின் பதிவுப் பெட்டித் திரைக்குப் பக்கத்தில் தன் போனைப் பிடித்து, இரண்டு கடிகாரமும் தெரிய ஒரே போட்டோ எடுத்து வைத்திருந்தார். பெட்டிக் கடிகாரம் சரியாகப் பதினொரு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ரயில் நிலையப் படிக்கட்டில் போனைப் பிடுங்கிய அதே நிமிடத்தில், என் கட்சிக்காரர் ஆறு தெரு தள்ளி நின்று கையுறையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் படத்தை விசாரணை வரை மறைத்து வைப்பதா, இப்போதே காட்டுவதா? மூத்தவர்கள் மறைத்து வை என்றார்கள். முன்னாலேயே காட்டினால் சாட்சி நேரத்தை மாற்றிச் சொல்லிவிடுவார். தந்திரமாக அது சரிதான். ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் உள்ளே இருந்தார். நான் காட்டினேன். எதிர்த்தரப்பு இளைஞர், சட்டக் கல்லூரி முடித்து இரண்டு வருடம்தான் இருக்கும். படத்தை இரண்டு முறை பார்த்தார். "நான் மேலே கேட்க வேண்டும்" என்றார். அவர் கண்ணைப் பார்த்தபோது, தானே முடிவெடுக்க முடிந்தால் அன்றைக்கே கைவிட்டிருப்பார் என்று தோன்றியது.

பிப்ரவரி 19, புதன்கிழமை. நாற்பத்தோராவது நாள். அடையாளம் காட்டியது செல்லுமா என்ற விசாரணைக்குத் தேதி. அது முடிந்தால் ஆறு பேர் கொண்ட ஜூரி. சிறு குற்றத்துக்கு அங்கே ஆறு பேர்தான். நான் இரவெல்லாம் உட்கார்ந்து குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். காரில் இருந்து எத்தனை அடி, தெரு விளக்கு எங்கே, கையில் விலங்கு இருந்ததா இல்லையா.

தாழ்வாரத்தில் அந்த இளைஞர் என்னை நிறுத்தினார். மேலே ஒப்புக்கொண்டுவிட்டார்கள், ஆனால் கைவிட முடியாதாம். சாட்சி இன்னமும் இவர்தான் என்கிறாராம். பொது இடத்தில் ஒழுங்கீனம் என்ற பிரிவை ஒப்புக்கொண்டால் போதும். உள்ளே இருந்த நாட்களே தண்டனை. ஆறு மாதம் நிறுத்தி வைத்துத் தானே தள்ளுபடியாகும் வழி ஒன்று உண்டே, அதைக் கொடுங்கள் என்று கேட்டேன். மறுத்துவிட்டார்கள். இன்று ஒப்புக்கொள்ளாவிட்டால்? இன்று விசாரிக்க நீதிபதி யாரும் காலியில்லை. அடுத்த தேதி மார்ச் மாதம்.

அந்தப் பிரிவு நியூயார்க்கில் குற்றமே கிடையாது, விதிமீறல். நாடு கடத்தலுக்கு வழியில்லை, பதிவும் முத்திரையிட்டு மூடப்படும். அதற்கு அதிகபட்சத் தண்டனையே 15 நாள். அவர் 41 நாள் இருந்துவிட்டார். கூடவே கோர்ட் கட்டணம் 120 டாலர், அவர் கட்ட வேண்டும்.

மறுபடி அதே அடைப்பு, அதே கம்பி. மெலிந்திருந்தார். சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"போனை எடுத்தேன்னு காகிதத்தில் வருமா?"

"வராது."

"வேற என்ன செஞ்சேன்னு வரும்?"

"பொது இடத்துல ஜனங்களுக்கு இடைஞ்சல் செஞ்சீங்கன்னு."

"நான் செய்யலையே."

இந்த இடத்தில்தான் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் எடுக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஜெயிக்கக்கூடிய வழக்கு, இருபது கேள்வி என் பையில் தயாராக இருந்தது. ஆனாலும், ஒப்புக்கொள்ளுங்கள் என்றேன். முடிவு உங்களுடையது என்றும் சொன்னேன், சொல்லியாக வேண்டும், அது சட்டம். ஆனால் என் குரல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது அவருக்கு மொழிபெயர்ப்பில்லாமலே தெரிந்திருக்கும். ஜூரி தவறாக முடிவெடுத்தால் அவர் விமானம் ஏற வேண்டும். அந்த ஆபத்தை அவர் தலையில் வைத்து நான் வாதாடிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இன்றும் அதே நிலை வந்தால் அதையேதான் சொல்வேன். அது நியாயம் என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. ஒப்புக்கொள்கிறவர் என்ன செய்தார் என்று நீதிபதி கேட்பார். அதற்கு அவர் வாயால் பதில் வர வேண்டும். பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லிக் கொடுக்க முடியாது, கூடாது. நாங்கள் மூன்று பேரும் அந்த வெள்ளிக்கிழமை இரவை முதலிலிருந்து மறுபடி நடந்து பார்த்தோம், உண்மையாகச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் எங்காவது கிடக்கிறதா என்று. அவர்தான் கண்டுபிடித்தார்.

கோர்ட்டில் விலங்கைக் கழற்றினார்கள். நீதிபதி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட ஒரு பெண்மணி, வரிசையாகக் கேட்டார். வக்கீலோடு பேச நேரம் இருந்ததா? இருந்தது. ஜூரி விசாரணைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரியுமா? தெரியும். யாராவது மிரட்டினார்களா, கட்டாயப்படுத்தினார்களா? இங்கே அவர் கொஞ்சம் தயங்கினார். இல்லை.

"ஜனவரி 10 அன்று நடைபாதையில் பொதுமக்களுக்கு இடைஞ்சல் ஏற்படும்படி என்ன செய்தீர்கள்?"

"சைக்கிள் குறுக்கே விழுந்து கிடந்தது" என்றார். "ஜனங்க அதைச் சுத்திப் போனாங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது நீதிபதி கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். பிறகு அரசு வக்கீலைப் பார்த்தார். இளைஞர் காகிதத்திலிருந்து தலையை எடுக்காமல், போதும், ஏற்றுக்கொள்கிறோம் என்றார். அப்படியானால் உங்கள் பதில் என்ன என்று நீதிபதி கேட்டார். கேள்வி வங்காளத்தில் போயிற்று. அவர் பெரியவரைப் பார்க்கவில்லை, நீதிபதியையும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னார். ஆங்கிலத்தில் வருவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"தோஷி."